நாகர்கோவில் ரயில் நிலையம், 1905: ஆறு பழைய படங்கள் மீது ஒரு விசாரணை

கன்னியாகுமரி மாவட்டத்துக்குள் ரயில் ஓடத் தொடங்கியது 1979 ஏப்ரலில். அந்தத் தேதியை மனத்தில் வைத்துக்கொண்டு இந்த வரியைப் படியுங்கள்: “நாகர்கோவில் ரயில் நிலையம், கன்னியாகுமரி மாவட்டம், 1905”. பழைய எஞ்சின் படம் ஒன்றின் பின்புறத்தில் நீல மையில் எழுதியிருந்தது இது. உள்ளூர்ப் பள்ளி ஒன்றின் ஆண்டு விழாக் கண்காட்சிக்காகக் கொடுக்கப்பட்ட ஆறு படங்களில் எல்லோருக்கும் பிடித்துப்போனது இந்தப் படம்தான். பெரிதாக்கி நுழைவாயிலில் வைப்பதென்று முடிவே செய்திருந்தார்கள். யாரோ அதற்கு வண்ணம்கூட ஏற்றி வாட்ஸப்பில் அனுப்பிவிட்டார்கள்; அந்த வண்ணப் பிரதியில் எஞ்சின் பச்சை நிறம், எந்த ஆதாரமும் இல்லாத பச்சை. படங்களுக்கு விவரக்குறிப்பு எழுதும் வேலை என்னிடம் வந்ததால் விசாரிக்க வேண்டியதாயிற்று.

படங்கள் பூதப்பாண்டி வட்டாரத்தில் ஒரு வீட்டுத் தகரப்பெட்டியில் இருந்தவை. வீட்டின் மூத்த அம்மையார் சொன்னது இவ்வளவுதான்: “எங்கள் பாட்டா திருவிதாங்கூர் வனத்துறையில் உத்தியோகம் பார்த்தவர். செங்கோட்டையில் கொஞ்ச காலம், குலசேகரத்தில் கொஞ்ச காலம். படம் என்றால் அவருக்கு உயிர்.” பாட்டா என்றால் இங்கே தாத்தா. அவரிடம் காமிரா இருந்ததில்லை. ஆகவே இவை அவர் வாங்கியவை, யாரோ கொடுத்தவை, வந்து எடுத்துக்கொடுத்தவை என்று பல வழிகளில் சேர்ந்தவை. தலைப்புகளை எழுதியவர் அவரல்ல, பின்னால் வந்த யாரோ. இந்த இரண்டையும் முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டது பிறகு மிகவும் உதவியது.

எஞ்சின் படத்தில் முதல் சாட்சி எழுத்துதான். சன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி அட்டையைச் சாய்த்துப் பிடித்தால், பின்னால் எழுதிய வரி முன்புறத்தில் புடைத்துத் தெரிகிறது. மை ஆங்காங்கே திட்டாகக் கட்டியிருக்கிறது. தொட்டெழுதும் பேனா இப்படி அழுத்தாது. இது பால்பாயிண்ட் பேனா. நம் ஊர்களில் அது பரவலானது சுதந்திரத்துக்குப் பிறகு. இரண்டாவது, “கன்னியாகுமரி மாவட்டம்” என்று ஒன்று 1956 நவம்பர் 1-ஆம் தேதிக்கு முன் கிடையாது. அதுவரை தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூருக்கும், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சிக்கும் உட்பட்டிருந்தன. மூன்றாவது சாட்சி எனக்கு மிகவும் பிடித்தது. “நிலையம்” என்பதில் உள்ள ‘லை’ இன்று நாம் எழுதும் வடிவில் இருக்கிறது. பழைய ‘லை’க்குத் தும்பிக்கை போல மேலே ஒரு வளைவு உண்டு, 1978 அக்டோபரில் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோதுதான் அது பாடநூல்களிலிருந்து விடைபெற்றது. பெரியார் தம் இதழ்களில் 1935 முதலே புதிய வடிவத்தைப் பயன்படுத்தினார் என்பதால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் பால்பாயிண்ட், மாவட்டப் பெயர், புதிய ‘லை’ மூன்றும் சேரும்போது, 1905 என்று சொல்லும் அந்த வரி எழுதப்பட்டது 1978-ஐ ஒட்டியோ அதற்குப் பிறகோ என்று கொள்ளலாம். ரயில் நம் மாவட்டத்துக்குள் வந்த அதே சமயம்.

இனி படம். லென்ஸை வைத்துப் பார்த்தால் உருவம் முழுவதும் நுண்புள்ளிகளாகப் பிரிகிறது. அப்படியானால் இது காமிராவிலிருந்து நேராகக் கழுவி எடுத்த பிரதியல்ல. அச்சகத்தில் ஆயிரக்கணக்கில் அடித்து விற்ற பட அஞ்சலட்டை. பின்பக்கம் நடுவில் கோடு போட்டு, ஒரு பாதி செய்திக்கும் மறு பாதி முகவரிக்கும் பிரித்திருக்கிறது. பிரிட்டனில் இந்த அமைப்பு 1902-இல்தான் அனுமதிக்கப்பட்டது. மற்ற இடங்களுக்கு அதன் பிறகு பரவியது. கீழ் ஓரத்தைச் சட்டத்துக்குள் பொருத்துவதற்காகக் கத்தரித்திருக்கிறார்கள். அச்சிட்ட தலைப்பு அதோடு போய்விட்டது. எழுத்துகளின் மேற்பாதி மட்டும் ஒரு நூலிழை அளவுக்கு மிச்சம். நல்லவேளையாக, ஆங்கில எழுத்துகளை மேற்பாதியை வைத்தே பெரும்பாலும் படித்துவிடலாம். திருவாங்கூர் என்ற சொல்லும், மலைப்பாதையைக் குறிக்கும் சொல்லும் தேறின.

ஓரம் முழுதாகவே போயிருந்தாலும் எஞ்சினின் முகம் காட்டிக்கொடுத்திருக்கும். அதன் முன் விளிம்பில், நடுவில், ஒரே ஒரு பஃபர், அதாவது முட்டுத்தாங்கி, இருக்கிறது. மீட்டர் கேஜ் வண்டிகளின் அடையாளம் அது: தண்டவாள இடைவெளி 1,000 மில்லிமீட்டர், முட்டுவதற்கும் இணைப்பதற்கும் நடுவிலேயே ஒரே அமைப்பு. இடைவெளி 1,676 மில்லிமீட்டர் உள்ள அகலப் பாதை எஞ்சின்களுக்கு இரண்டு பக்கமும் இரண்டு வட்டப் பஃபர்கள் இருக்கும். குமரி மாவட்டத்தில் போடப்பட்ட பாதைகள் இரண்டு. திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்கு 1979-இல் திறந்தது ஒன்று. நாகர்கோவிலிலிருந்து ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் திருநெல்வேலிக்கு 1981-இல் திறந்தது மற்றொன்று. இரண்டும் தொடக்கத்திலிருந்தே அகலப் பாதை. ஆக, மீட்டர் கேஜ் எஞ்சின் நிற்கும் படம் 1905-இல் மட்டுமல்ல, எந்த ஆண்டிலும் நாகர்கோவிலில் எடுத்ததாக இருக்க முடியாது. பழைய ரயில் படம் கையில் கிடைக்கிற குமரி மாவட்டத்துக்காரர்கள் முதலில் பஃபரை எண்ணிவிடுவது நல்லது. பாதி வழக்கு அங்கேயே முடிந்துவிடும்.

அப்படியானால் எந்த ஊர்? தென்னிந்திய ரயில்வேயின் பாதை 1876-இலேயே திருநெல்வேலிக்கு வந்துவிட்டது. அங்கிருந்து திருவிதாங்கூருக்குள் நுழைய மலைத்தொடரில் இரண்டு வாசல்கள். தெற்கே ஆரல்வாய்மொழி, அகலமான, ஏறக்குறைய சமதளமான கணவாய். வடக்கே செங்கோட்டையை அடுத்த ஆரியங்காவு. குகைகள் குடைந்து, பாலங்கள் கட்டி ஏற வேண்டிய வழி. ரயில் போனது கடினமான வழியில். கொல்லம் துறைமுகமும் அதைச் சுற்றிய வணிகமும்தான் இழுத்தன. 1904-இல் செங்கோட்டை, புனலூர் வழியாகக் கொல்லத்துக்கு மீட்டர் கேஜ் ரயில் ஓடியது. கொல்லத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு 1918-இல் நீண்டது; 1931-இல் அந்நகரின் நடுவில் உள்ள தம்பானூர் வரை வந்து நின்றது. அங்கிருந்து தெற்கே ஏறத்தாழ ஐம்பதாண்டு காலம் ஒரு முழம் தண்டவாளம்கூடப் போடவில்லை. ரயில் ஏற வேண்டுமென்றால் நாகர்கோவில்காரர் வடக்கே திருவனந்தபுரத்துக்கோ, கிழக்கே திருநெல்வேலிக்கோ சாலை வழியாகப் போக வேண்டியிருந்தது.

படத்துக்கும் பாட்டாவுக்கும் உள்ள தொடர்பு இப்போது தெளிவாகிறது. செங்கோட்டையும் 1956 வரை திருவிதாங்கூரில்தான் இருந்தது. அங்கே வேலை பார்த்த வன ஊழியர் அந்த மலைப்பாதையின் அஞ்சலட்டையை வாங்கியதில் வியப்பில்லை. பிற்காலத்தில் வீட்டில் ஒருவர், “திருவிதாங்கூர் ரயில், நாமும் திருவிதாங்கூர், ஆகவே நம் ஊர் ரயில்” என்று கணக்குப் போட்டுவிட்டார். இதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ரயிலுக்காக அத்தனை காலம் காத்திருந்த ஊரில், வந்த உடனே அதற்கு ஒரு பழமையும் தேவைப்பட்டிருக்கிறது.

இரண்டாவது படத்தை அதிகம் விசாரிக்கத் தேவை இருக்கவில்லை. பின்னால் “மாத்தூர் தொட்டிப்பாலம்” என்று எழுதியிருக்கிறது. தொட்டிப்பாலம் 1960-களில் பறளியாற்றுக்குக் குறுக்கே கட்டியது. உயரமான கான்கிரீட் தூண்களின் மேல் தண்ணீர் ஓடும் தொட்டி. படத்தில் இருப்பதோ கருங்கல் வளைவுகள். எண்ணினால் பதின்மூன்று. புனலூர்–செங்கோட்டைப் பாதையில், தென்மலையை அடுத்த கழுதுருட்டியில் சாலையோரமாக இன்றும் நிற்கும் பதிமூன்று கண் பாலம். 2018-இல் அந்தப் பாதை முழுவதும் அகலப் பாதையாக மாறிய பிறகும் ரயில் அதன் மேல்தான் போகிறது.

யானைப் படம் அவ்வளவு சுலபமாக இல்லை. தேக்குத் தடியை ஒரு கொம்பன் சின்னஞ்சிறு ரயில் தட்டுவண்டியின் மேல் தள்ளுகிறது. பின்னால் செங்குத்தான சரிவில் தண்டவாளம் ஏறுகிறது, அதன் நடுவே கம்பி வடம் கிடக்கிறது. தலைப்பு “கீரிப்பாறை காடு”. கீரிப்பாறைப் பக்கம் யானைகள் உண்டு, மரம் இழுத்ததும் உண்டு. ஆகவே பார்த்தவர் எவருக்கும் சந்தேகம் எழவில்லை. விடை அந்தக் கம்பி வடத்தில் இருக்கிறது. பரம்பிக்குளம் காட்டிலிருந்து சாலக்குடிக்குத் தேக்கு இறக்குவதற்காகக் கொச்சி சமஸ்தானம் இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் ஒரு காட்டு டிராம்வே போட்டது. நீளம் ஏறத்தாழ 80 கிலோமீட்டர். எஞ்சின் ஏற முடியாத சரிவுகளில் வடத்தின் ஒரு முனையில் பாரம் ஏற்றிய வண்டியைக் கட்டி இறக்குவார்கள். அதன் எடையே மறுமுனையில் கட்டிய காலி வண்டிகளை மேலே இழுத்துவிடும். 1963-இல் அது மூடப்பட்டது. சரிவு, வடம், தேக்கு, யானை என நான்கும் ஒரே சட்டகத்துக்குள் வருவதால் படம் அந்த டிராம்வேயுடையது என்று கொண்டேன். வனத்துறை ஊழியர் ஒருவரிடம் வேறு வனத்துறையின் அதிசயம் படமாக வந்து சேர்ந்தது இயல்புதான்.

நான்காவது படத்தில் உயிருள்ள புலி. “பேச்சிப்பாறை அணை கட்டும்போது எடுத்தது” என்கிறது தலைப்பு. அணை வேலை 1897-இல் தொடங்கி 1906-இல் முடிந்தது. மேற்பார்த்த பொறியாளர் மிஞ்சினின் கல்லறை இன்றும் அணைக்கருகே இருக்கிறது. அந்தக் காலத்தில் அங்கே புலி இருந்திருக்கும் என்பதில் தகராறு இல்லை. தகராறு காமிராவோடு. அன்றைய கண்ணாடித் தட்டுகளின் வேகத்துக்கு, மழைக்காட்டு நிழலில் உலவும் ஒரு மிருகம் வெறும் புகையாகத்தான் பதியும். காட்டுப் புலியை அதன் இடத்திலேயே தெளிவாகப் பிடிக்க, எஃப். டபிள்யூ. சாம்பியன் என்ற வன அதிகாரி 1920-களில் வட இந்தியாவில் புலியின் கால் படும் கம்பியோடு காமிராவையும் ஃபிளாஷையும் இணைத்து இரவுகளில் காத்திருக்க வேண்டியிருந்தது. நம் படத்துப் புலியோ நல்ல வெயிலில் பக்கவாட்டில் நிதானமாக நிற்கிறது. கண்ணாடியால் பார்த்தால் முன்னால் சீரான இடைவெளியில் மங்கலான செங்குத்துப் பட்டைகள்: கூண்டுக் கம்பிகள். திருவனந்தபுரம் மிருகக்காட்சிசாலை 1850-களின் இறுதியிலிருந்தே இயங்கிவருகிறது. குறிப்பில் “கூண்டுப் புலி, திருவனந்தபுரம்” என்று எழுதி, ஊர்ப்பெயருக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன்.

ஐந்தாவது படம்தான் இந்தக் கட்டின் உண்மையான பொக்கிஷம். வீட்டார் அதைக் கடைசியில் செருகி வைத்திருந்தார்கள். நான்கு ஆண்கள், நடுவே மூங்கிலில் கட்டித் தொங்கும் ஒரு விலங்கு, பின்னால் பனைகள், அதற்கும் பின்னால் ஒரு மலைமுகடு. தலைப்பு “புலி வேட்டை, 1908”. உடம்பில் கோடுகள் இல்லை, பூப்பூவாகப் புள்ளிகள். சிறுத்தை. அது எளிது. ஆண்டுதான் இழுத்தடித்தது.

பென்சிலில், மிக மங்கலாக, மலையாள எழுத்தில் வேறொரு குறிப்பு தலைப்புக்கு அடியில் மறைந்திருந்தது: 1098, கும்பம். வீட்டில் யாரோ அதை 1908-இன் எழுத்துப்பிழை என்று எண்ணித் “திருத்தி” எழுதியிருக்கிறார்கள். பிழையே இல்லை. திருவிதாங்கூர் அலுவலகங்கள் கொல்லம் ஆண்டில், அதாவது மலையாள ஆண்டுக் கணக்கில், நடந்தவை. கொல்லம் 1098 தொடங்கியது 1922 ஆகஸ்டில்; கும்பம் நம் மாசி. ஆகவே 1923 பிப்ரவரி–மார்ச். சரிபார்க்க ஓர் எளிய வழி உண்டு: கேரளத்தில் இன்றும் பேசப்படும் ‘99 வெள்ளம்’ கொல்லம் 1099-இன் கடைசியில், அதாவது 1924 ஜூலையில் வந்தது. படம் அதற்கு முந்தைய ஆண்டின் கோடை. குமரி மாவட்டத்துப் பழைய பத்திரம், படம், கல்வெட்டு எதிலும் 1000-க்கு மேலும் 1132-க்குள்ளும் ஓர் எண் கண்டால் 825-ஐக் கூட்டிப் பார்ப்பது நல்லது. தை முதல் ஆடி வரையிலான பகுதி அப்படிக் கிடைக்கும் ஆண்டில் விழும், ஆவணியிலிருந்து மார்கழி வரை என்றால் ஒன்றைக் குறைக்க வேண்டும்.

இடம் மலையால் தெரிந்தது. மரம் வெட்டப்படும், வீடு இடிக்கப்படும், குளம் தூர்ந்துபோகும். முகட்டின் கோடு மாறாது. பூதப்பாண்டிக்காரர்களுக்குத் தாடகைமலையை அடையாளம் காட்ட வேண்டியதில்லை. மல்லாந்து கிடக்கும் பெண்ணுருவம் என்று குழந்தைக்கும் தெரியும். படத்து முகடு தாடகைமலைதானா என்று கேட்டபோது பார்த்தவர்கள் எல்லாரும் தயங்கினார்கள். “அதுபோல இருக்கிறது, ஆனால் அது இல்லை” என்றார்கள். அந்தத் தயக்கத்துக்குக் காரணம் இருந்தது. துப்பாக்கியின் பின்னிழு கைப்பிடி இடது பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது. சட்டைப்பை நால்வருக்கும் வலது மார்பில். வழக்கமாக இரண்டும் மறுபக்கம் இருக்கும். படம் இடவலம் மாறி அச்சாகியிருக்கிறது. கண்ணாடி நெகட்டிவைத் தாளின் மேல் வைக்கும்போது மருந்து பூசிய பக்கம் தாளைத் தொட வேண்டும். திருப்பி வைத்துவிட்டால் உருவம் புரண்டுவிடும். நடுவில் கண்ணாடியின் கனம் நிற்பதால் கூர்மையும் கொஞ்சம் குறையும். இந்தப் படத்தில் இருந்த இலேசான மங்கலுக்கும் அதுதான் காரணம். ஸ்கேனைக் கணினியில் திருப்பியதும் தாடகைமலை தன் இடத்தில் போய்ப் படுத்துக்கொண்டது. அம்மையாரின் பேரன் உடனே தெருவில் இறங்கி, எந்தத் திருப்பத்திலிருந்து அந்தக் கோணம் கிடைக்கும் என்று பார்த்துவந்தான். தெரிசனங்கோப்புக்குப் போகும் சாலையை அடுத்த வயல்வெளி.

ஆறாவது படத்துக்குத் தலைப்பே இல்லை. சின்னக் கறுப்பு வெள்ளைப் பிரதி. வயலுக்கு நடுவே புதிய செம்மண் மேடு, அதன் சரிவில் பத்திருபது உண்ணிக்கொக்குகள், மேலே மரக்கட்டை தூக்கும் ஆட்கள். “இது ஒன்றுமில்லை, மாமா எடுத்தது” என்று அம்மையார் ஒதுக்கியிருந்தார். கட்டை தூக்கும் ஆளைவிட ஒன்றரை மடங்கு நீளம். தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே போடும் சிலீப்பர் கட்டைகள் அகலப் பாதையில் ஏறத்தாழ ஒன்பது அடி, மீட்டர் கேஜ் கட்டைகள் ஆறு அடி. வலது ஓரத்தில் மருத்துவாழ்மலையின் கூம்பு, நடுவில் தூரத்தில் சுசீந்திரம் கோவிலின் ஏழு நிலைக் கோபுரம். குமரி ரயில் பாதைப் பணியை 1972 செப்டம்பர் 6-ஆம் தேதி இந்திரா காந்தி தொடங்கிவைத்தார். 1979 ஏப்ரலில் ரயில் வந்துவிட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் எடுத்த படம். மண் புரளும் இடத்தில் புழு பூச்சிக்காக உண்ணிக்கொக்கு கூடுவது உழவர் அறிந்ததுதான். அந்தத் தொடக்க விழாவுக்கு மூன்று நாள் கழித்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மூங்கிலில் சிறுத்தையைக் கட்டிப் படம் எடுத்த காலத்துக்கு முடிவு கட்டத் தொடங்கிய சட்டம் அது. கொக்குகள் நிற்கும் அந்தச் சுசீந்திரம்–தேரூர் நீர்நிலைகள் 2022-இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன.

இந்த மாவட்டத்தின் ஆதி ரயில் படம் என்று சொல்ல ஆறில் தகுதி உள்ளது இது ஒன்றுதான். நுழைவாயிலில் இதையே வைக்கச் சொன்னேன். விழாக் குழுவில் சிலருக்கு முகம் சுருங்கியது. நீராவி எஞ்சின் இல்லாத ரயில் படத்தை யார் பார்ப்பார்கள் என்றார்கள். கடைசியில் சிறுத்தையும் மண்மேடும் வாசலில், எஞ்சினும் பாலமும் “செங்கோட்டை–கொல்லம் பாதை” என்ற பெயரோடு உள்ளே என்று உடன்பட்டார்கள். பின்னால் எழுதியிருந்த தலைப்புகள் எதையும் அழிக்கவில்லை; அவையும் அந்த வீட்டின் வரலாறுதான். புதிய விவரங்கள் தனித்தனிக் காகித உறைகளில் பென்சிலால் எழுதப்பட்டன. சிறுத்தைப் படத்தின் மூலப்பிரதி புரண்டபடியே இருக்கிறது, காட்சிக்கு வைத்தது திருப்பிய பிரதி. இரண்டு பருவமழையும் பெய்யும் ஊரில் தகரப்பெட்டிக்குள் பூஞ்சணம் சீக்கிரம் ஏறும் என்பதால், படங்களை உலர்ந்த அலமாரிக்கு மாற்றும்படியும், ஈரத் துணியால் துடைக்க வேண்டாமென்றும் சொல்லியிருக்கிறேன்.

கண்காட்சியின்போது மண்மேட்டுப் படத்தின் முன் அதிக நேரம் நின்றவர் அந்தப் பாதையில் கூலிக்கு மண் சுமந்த ஒரு முதியவர். வயலில் அறுத்த தாள் நிற்பதை அவர்தான் கவனித்தார். கும்பப்பூ நெல் அறுவடை முடிந்து, அடுத்த போகமான கன்னிப்பூவுக்கு உழுவதற்கு முன் என்றார். குறிப்பில் “1972–79” என்பதற்குப் பக்கத்தில் “மாசி–பங்குனி” என்று சேர்த்துக்கொண்டோம்.